வெடி அலை ஆய்வும் ஒரு தலைப்பில்லாத எக்செல் கோப்பும்

ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். குண்டுவெடிப்பில் சிக்கும் ராணுவ வீரர்களின் மூளைக்குள் அழுத்தம் எப்படிப் பாய்கிறது என்று கணினியில் மாதிரி செய்து பார்க்கும் ஆய்வு. இந்தப் பக்கம் வருகிறவர்கள், கஷ்டமெல்லாம் சிமுலேஷனில்தான் என்று பயப்படுவார்கள். கணினிக் கிளஸ்டரில் க்யூ, லைசென்ஸ் தட்டுப்பாடு, விடிவதற்குள் 'நெகட்டிவ் வால்யூம்' என்று பிழை காட்டிச் செத்துப்போகும் ரன் எல்லாம் உண்டுதான். அதெல்லாம் பழகிவிடும். என்னைப் படுத்தியெடுத்தது சோதனைத் தரவு.

அது இல்லாமல் நம் படங்களுக்கு மதிப்பே கிடையாது. உயிரோடு இருப்பவரை வெடி அலை முன் நிறுத்தி மண்டைக்குள் அளக்க முடியாது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் வீதியோரக் குண்டுகளில் சிக்கியவர்கள் பலர் வெளிக்காயமே இல்லாமல் தலைவலி, மறதி, தூக்கமின்மை என்று அவதிப்பட்டார்கள். வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 2016-இல் டேனியல் பெர்லும் குழுவினரும் இறந்த வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, திசுவும் திரவமும் சந்திக்கும் இடங்களில் தழும்புகளைக் காட்டினார்கள். ஆனால் அந்தத் தலைகளுக்குள் அலை எப்படிப் போனது என்பதற்கு எங்கேயும் பதிவு இல்லை. 1977-இல் நாஹம் குழு செய்த சடலச் சோதனைகளைக் காட்டிச் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அது மோதல், அழுத்தம் சில மில்லிவிநாடிகளில் ஏறி இறங்கும். வெடி அலை மைக்ரோவிநாடிகளில் உச்சம் தொடும். தேர்வாளர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார்.

ஆக, ஷாக் டியூபில் (வெடி அலை போன்ற அதிர்வலையை உண்டாக்கும் குழாய்) வைத்த, மூளைக்குப் பதில் ஜெல் நிரப்பிய பொம்மைத் தலையின் அளவீடுகள் வேண்டும். அதை வைத்திருந்த ஆய்வகத்துக்கும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் போட்டால்தான் கிடைக்கும். அலுவலகத்தில் இருந்தவர் விண்ணப்பத்தில் 'வெடி' என்ற சொல்லைப் பார்த்ததும் வெடிபொருள் பாதுகாப்புப் படிவத்தை நீட்டினார். எந்த அறையில் வைப்பீர்கள், எத்தனை கிலோ, தீயணைப்பான் எங்கே? எல்லாம் கணினிக்குள்தான் வெடிக்கும் என்றேன். அப்படியானால் கணினி இருக்கும் அறை எண்ணை எழுதுங்கள் என்றார். எழுதினேன். அப்புறம் அந்தப் படிவம் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், அவர்கள் ஆய்வுக்கு வர நாள் கேட்டு, அங்கே வெறும் கணினிதான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பி, மறுபடி முதலிலிருந்து. இடையில் நான் வெளிநாட்டு மாணவர் என்பதால் தனி அனுமதி வேறு. என் யோசனை: தலைப்பு முடிவான அன்றே தரவுக்கு விண்ணப்பியுங்கள், விண்ணப்பத்தில் 'எண்முறைக் கணக்கீடு' என்று எழுதுங்கள்.

தலையின் மெஷ் (கணக்கிடுவதற்காகச் சிறு துண்டுகளாகப் பிரித்த கணினி மாதிரி) முன்பு இருந்த மாணவர் விட்டுப்போனது. அடர்த்தி டன் கணக்கில், அழுத்தம் ஜிகாபாஸ்கலில் இருந்தது; ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அலகுகள். பிறருடைய மெஷ் கைக்கு வந்தால் முதலில் அலகுகளைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கடைசியில் தரவு வந்தது: ஒரே ஒரு எக்செல் கோப்பு. பத்திகளுக்குத் தலைப்பு கிடையாது, சென்சார் எண்கள் மட்டும். கூட வந்த குறிப்பில் 'உள்ளீட்டு அழுத்தம் 270 கிலோபாஸ்கல்' என்று இருந்தது. அதைக் கொடுத்து ஓட்டினால் மண்டைக்குள் வரும் அழுத்தம் சோதனையில் அளந்ததைத் தாண்டி எங்கேயோ போகிறது. மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர், "உள்ளே இருக்கும் ஜெல்லைக் கொஞ்சம் மென்மையாக்கிப் பாருங்கள், பொருந்திவிடும்" என்றார். இந்த அறிவுரை உங்களுக்கும் வரும். கேட்காதீர்கள். மென்மையாக்குவது என்றால் ஷியர் மாடுலஸை, அதாவது வடிவம் மாறுவதை எதிர்க்கும் விறைப்பை, குறைப்பது. அதைச் சில கிலோபாஸ்கல் இப்படி அப்படி நகர்த்தினால் அழுத்தத்தின் முதல் உச்சம் அசையவே அசையாது. அந்த உச்சத்தைத் தீர்மானிப்பது பல்க் மாடுலஸ், அதாவது அமுக்கிச் சுருக்குவதை எதிர்க்கும் விறைப்பு. ஜெல்லுக்கும் மூளைக்கும் அது கிட்டத்தட்ட தண்ணீருடையதே, சுமார் 2.2 ஜிகாபாஸ்கல். ஷியர் மதிப்புகளோ ஆய்வுக்கு ஆய்வு பல மடங்கு மாறும். அதைத் திருகினால் மூளையின் உருமாற்றத்தை நமக்குப் பிடித்த மாதிரி வரவைக்கலாம். அதுதான் ஆபத்து.

ஆய்வகத்துக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. சோதனை செய்தவர் வேலை மாறிவிட்டாராம். விடை அதே கோப்பில்தான் இருந்தது. குழாய்ச் சுவரில் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார்கள். அலை ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக 1.08 மில்லிவிநாடி. அதாவது விநாடிக்குச் சுமார் 463 மீட்டர், மேக் 1.36 (ஒலியின் வேகத்தைப்போல் 1.36 மடங்கு). அந்த வேகத்தில் போகும் அலையின் மிகையழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் கூடும் அழுத்தம்) ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல்தான் இருக்க முடியும். 270 என்றால் விநாடிக்கு 600 மீட்டருக்கு மேல் போயிருக்க வேண்டும். பின்னே இந்த 270 எங்கிருந்து வந்தது? 100 கிலோபாஸ்கல் அலை ஒரு பரப்பில் நேராக மோதித் திரும்பினால் அந்தப் பரப்பில் உச்சம் சுமார் 270. பொம்மையின் நெற்றியில் இருந்த சென்சாரின் அளவை யாரோ உள்ளீடு என்று எழுதிவைத்திருக்கிறார்கள்!

உள்ளீட்டை 100 ஆக்கி ஓட்டினேன். ஜெல்லைத் தொடவே இல்லை. நெற்றியில் தானாகவே 270-ஐ ஒட்டி வந்தது, உள்ளே முதல் உச்சமும் பொருந்தியது. ஜெல்லை மென்மையாக்கச் சொன்னவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அவ்வளவுதான், ஆனாலும் எனக்குப் போதும்.

ஹெல்மெட் போட்ட ரன்களில் பின்மண்டை இன்னும் பொருந்தவில்லை. ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் புகும் அலை அங்கே குவிகிறது; என் காற்று மெஷ் அந்தச் சந்துக்குப் போதாது. வைவாவில் அதைக் கேட்பார்கள். அலை வேகக் கணக்கை மட்டும் அந்த எக்செல் கோப்பில் புதுத் தாளாகச் சேர்த்து, பத்திகளுக்குத் தலைப்பும் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.