அப்பாவின் டயாலிசிஸும் வாசலில் நின்ற மூன்று வண்டிகளும்

போன வாரம் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு தம்பி பேச்சுவாக்கில், "அண்ணா, எங்க வீட்ல ரெண்டு பைக் சும்மாதான் நிக்குது, வாடகைக்கு விட்டா அம்மா மருந்துச் செலவுக்காவது ஆகுமுங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே யோசனையில் இறங்கி, ஒரு வருடம் அலைந்து, நல்லதும் கெட்டதும் பார்த்து வெளியே வந்தவன் நான். அவனிடம் அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், இன்னும் யாருக்காவது பயன்படும்.

எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் ஊர். இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. வெள்ளை ஈ வந்து, அதற்கப்புறம் வேர் வாடலும் வந்து, காய்ப்பு பாதிக்குக் கீழே போய்விட்டது. இந்தப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் லேத் பட்டறையில் வேலை, சம்பளம் 22,000. அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை, அது கடைசியில் கிட்னியில் வந்து நின்றது. வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் கோவையில் ஒரு தனியார் இடத்தில்தான் ஆரம்பித்தோம். ஒரு தடவைக்கு 1,800, போக வர 80 கிலோமீட்டருக்குக் காருக்கு 1,500, அது போக ரத்தம் ஊற ஊசி, மாத்திரை. மாதம் ஐம்பதாயிரத்தைத் தொட்டது. தம்பி துபாயிலிருந்து அனுப்புவதையும் சேர்த்தாலும் பள்ளம் அடையவில்லை.

வாசலில் மூன்று வண்டி நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிய புல்லட், தம்பி விட்டுவிட்டுப் போன பல்சர், அப்பாவின் ஸ்பிளெண்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருக்கும் என் மச்சான்தான் சொன்னார். சனிக்கிழமை விடிகாலையில் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் காலேஜ் பசங்க டீ குடித்துக்கொண்டே வால்பாறை போக வண்டி கிடைக்குமா என்று கேட்கிறார்களாம். சரி என்று ஆரம்பித்தேன். புல்லட் நாளுக்கு 1,000, பல்சர் 600. ஸ்பிளெண்டரை அப்பா தரவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னால் முடிந்த அளவு ஒழுங்காகத்தான் செய்தேன். லைசென்ஸ் அசலைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்வது, 3,000 முன்பணம், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, பிரேக் லைனிங் வாரம் ஒரு தடவை பார்ப்பது, இரண்டு ஹெல்மெட் இல்லாமல் சாவி கொடுக்காதது. மாதம் பதிமூன்றிலிருந்து பதினைந்தாயிரம் வரை வந்தது. அந்தக் காசை எண்ணி அம்மா கையில் கொடுக்கும்போது நிஜமாகவே மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

ஐந்தாவது மாதம். ஆழியாரிலிருந்து மேலே போனால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதில் ஒன்பதாவதில் இருக்கிறது லோம்ஸ் வியூ, எல்லோரும் நின்று அணையைப் பார்த்து போட்டோ எடுக்கிற இடம். அதைத் தாண்டி இறங்கும்போது புல்லட்டில் வந்த இரண்டு பசங்க கிளட்சைப் பிடித்தபடியே பிரேக்கை மட்டும் நம்பி இறக்கியிருக்கிறார்கள். வளைவில் வண்டி சரிந்து தடுப்புச் சுவரில் போய் மோதி நின்றது. ஓட்டியவனுக்குக் காறை எலும்பு முறிந்தது, பின்னால் இருந்தவனுக்குச் சிராய்ப்பு. எதிரில் அந்த நேரம் யாரும் வரவில்லை. போன் வந்தபோது அப்பா மெஷினில் இருந்தார், நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பையனின் அம்மா அழுததுதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவரும் என்னை மாதிரி ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுதான் அழுதுகொண்டிருந்தார்.

வண்டிக்கு ஃபோர்க் வளைந்து, டேங்க் ஒடுங்கி, 27,500 ரூபாய் பில். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஏஜென்டைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டதே, "வாடகைக்கு விட்டீங்களா, சும்மா கொடுத்தீங்களா?" என்பதுதான். சொந்த உபயோக பாலிசியில் வாடகைக்கு ஓடினால் காப்பீடு கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது, நான் ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை. "பிரெண்டு எடுத்துட்டுப் போனாருன்னு எழுதிடலாமுங்க" என்றார் ஏஜென்ட். அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொய் எழுதி வாங்கற காசுல என்ற ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டாங்கண்ணு" என்றார். எழுதவில்லை. அந்த 27,500 கைக்காசு.

அதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்தது. அதே ஏஜென்ட் உட்கார வைத்துச் சொன்னார். எதிரில் ஒருவர் வந்து, அவர் இறந்திருந்தால், வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். பாலிசி நிபந்தனையை மீறியிருந்தால் கம்பெனி முதலில் அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடமிருந்து வசூல் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பு வரலாம். வண்டிக்காரர் என்றால் நான். என்னிடம் இருப்பது தோப்பு. மாதம் பதினைந்தாயிரத்துக்காக அப்பா பாட்டன் காலத்துத் தோப்பை ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்பின் தெரியாத பசங்க கையில் சாவியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்று புரிந்தபோது எனக்கு அன்று தூக்கம் இல்லை.

மறுநாளே வாடகையை நிறுத்திவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒருவர் பொறுமையாக விளக்கினார். வெள்ளை நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகம் மட்டும். தானே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. இதற்கென்று 1997 முதல் மத்திய அரசின் தனித் திட்டம் இருக்கிறது, அதில் உரிமம் வாங்கக் குறைந்தது 5 வண்டி பெர்மிட்டோடு வேண்டும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 2019 திருத்தத்துக்கப்புறம் முதல் தடவைக்கே 10,000 அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு. எங்களிடம் விடக்கூடியது இரண்டே இரண்டு. இன்னும் மூன்று வாங்குவதற்குக் காசு இருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்?

கடைசியில் வழி கிடைத்தது மச்சான் மூலமாகத்தான். கோவையில் முறையாக உரிமம் வைத்து வண்டி வாடகைக்கு விடும் ஒருவரைப் பிடித்தோம். இரண்டு வண்டியையும் அவர் பெயருக்கே மாற்றிவிடுவது, விலையில் பாதியை முன்னால் வாங்கிக்கொள்வது, மீதியை 24 மாதத் தவணையாகவும் அதோடு வாடகையில் ஒரு பங்காகவும் வாங்குவது என்று பேச்சு. பெர்மிட், பலகை மாற்றுவது, வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டோம். முன்பணத்தைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, மச்சான்தான் கறாராக நின்று வாங்கிக் கொடுத்தார்.

பெயர் மாற்றத்தில் ஒரு இடத்தில் மூன்று வாரம் சிக்கினோம். பல்சர் கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் அடமானம் அப்படியே இருந்தது. கடன் கொடுத்த இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்கினால்தான் அடுத்த வேலையே நகரும். தம்பி பெயரில் வண்டி, தம்பி துபாயில், அவன் கையெழுத்துக்காகக் காகிதம் போய் வந்தது. விற்கிறவர் தரப்பில் படிவம் 29, வாங்குகிறவர் தரப்பில் படிவம் 30. நீங்கள் வண்டியை விற்க நினைக்காவிட்டாலும் சரி, கடன் முடிந்திருந்தால் இந்த அடமான நீக்கத்தை இன்றைக்கே முடித்து வையுங்கள். வீட்டில் நோயாளி இருக்கும்போது அந்த மூன்று வாரம் மூன்று மாதம் மாதிரி இருக்கும். பெயர் மாறி முடியும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள், அதுவரை வண்டி உங்கள் தலையில்தான்.

ஆனால் பெஞ்சில் பேசிய அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி இல்லை. "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதா?" என்றுதான். இல்லை என்றான். நாங்களும் எட்டு மாதம் எடுக்கவில்லை. தோப்பு வைத்திருக்கிறோம், அது ஏழைப்பட்டவங்களுக்கு, நாம் போய் வரிசையில் நிற்பதா என்று அம்மாவுக்கு ஒரு தயக்கம், எனக்கும்தான். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, டயாலிசிஸும் அதில் வரும். குடும்ப அட்டை எங்கள் வீட்டில் அப்பா, அம்மா பேரில் தனியாக இருந்தது, அதனால் என் சம்பளம் அதில் சேரவில்லை. அந்தத் தோப்பில் செலவு போக மிஞ்சுவது அந்த அளவுக்குள்தான் என்று கிராம நிர்வாக அலுவலருக்கே தெரியும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்தோம். இப்போது பொள்ளாச்சியிலேயே, திட்டத்தில் சேர்ந்த ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. டயாலிசிஸுக்குக் காசு இல்லை, காருக்கு 1,500 இல்லை. மருந்து மாத்திரைக்கும், அட்டையில் வராத சில சோதனைக்கும் மட்டும் கையிலிருந்து போகிறது, அதை வண்டித் தவணை தாங்கிக்கொள்கிறது. முதல் மாதமே இதைச் செய்திருந்தால் புல்லட்டை லோம்ஸ் வியூ பக்கம் அனுப்பியே இருக்க மாட்டேன், அந்தப் பையனுக்கு எலும்பு முறிந்திருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவன் தேறி, போன மாதம் பேக்கரிக்கு வந்து மச்சானிடம் பேசிவிட்டுப் போனானாம்.

அப்பாவின் இடது கையில் டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களைச் சேர்த்திருக்கிறார்கள், பிஸ்டுலா என்பார்கள். அதன் மேல் விரல் வைத்தால் கிர்ரென்று ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும், அது நின்றால் உடனே ஓடி வாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது என் வேலை. பார்த்து முடித்ததும் அப்பா ஸ்பிளெண்டரைக் காட்டுவார். அவரால் இப்போது உதைக்க முடியாது, நான் உதைக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஐடிலிங் கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணு" என்பார். திருகைக் கால் சுற்று திருப்புவேன். "ஆங், இப்ப சரி."