பெல்ட் மாற்றிய பிறகு வரும் மிஸ்ஸிங்

டைமிங் பெல்ட் மாற்றிய வண்டி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் விட்டு விட்டுத் திணறினால், பழி முழுக்க பெல்ட்டின் மேல்தான் விழும். வண்டிக்காரரை விடுங்கள், மெக்கானிக்குகளே அப்படித்தான். "மார்க் தப்பியிருக்கும், ஒரு பல்லு தாண்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் பெட்ரோல் கார்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு வழக்கம் வேறு. கவரைக் கடைசியில்தான் தொடுவேன்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. இரண்டையும் இணைப்பதுதான் இந்தப் பெல்ட்; இரண்டின் மார்க்கையும் நேராக வைத்துத்தான் மாட்ட வேண்டும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தப்பினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி போச்சு. ஒற்றைக் கேம் எஞ்சினில் அந்த 18 டிகிரி நாலு சிலிண்டருக்கும் பொது. பெல்ட்டுக்கு ஓரவஞ்சனை கிடையாது. பல் தப்பிய வண்டி மொத்தமாகச் சோர்ந்து கிடக்கும். பிக்கப் இருக்காது, மேடு ஏறாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்கம் கேஜ், ஐடிலிங்கில் 17 முதல் 20 அங்குலம் வரை காட்ட வேண்டியது, 13, 14-லேயே நின்றுவிடும். கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தமும், நாலிலும் ஒரே மாதிரி இறங்கியிருக்கும். ஒரே ஒரு சிலிண்டர்தான் தூங்குகிறது என்றால், பெல்ட் மாற்றியவர் வேறு எங்கெல்லாம் கை வைத்தார் என்று தேட வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் ஐ10 அப்படித்தான் வந்தது. 1.1 லிட்டர் எஞ்சின். ஐ10-இல் 1.2 லிட்டர் காப்பா எஞ்சினுக்குச் செயின், இதற்குத்தான் பெல்ட். வேறொரு பட்டறையில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றியிருந்தார்கள். ஐடிலிங்கில் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம். அந்தப் பட்டறையில் திரும்பவும் கவரைத் திறந்து பார்த்துவிட்டு மார்க் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம்.

"சார், பழைய பெல்ட் அறுந்து போய் மாத்துனதுங்களா, கிலோமீட்டர் ஆச்சுன்னு மாத்துனதுங்களா?"

"நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு. கிலோமீட்டர் ஆச்சுன்னு மாத்துனோம்."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பானெட்டைத் திறப்பதில்லை. ஓடும்போது பெல்ட் அறுந்திருந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை முட்டியிருக்கும். லேசாக வளைந்த ஒரு வால்வு போதும், புது பெல்ட்டை எவ்வளவு சுத்தமாக மாட்டினாலும் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கம்ப்ரஷன் பிடிக்காது. வாத்தியார் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் குறியீடு, அதாவது மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டரில். அந்தக் காலத்தில் ஓடுகிற எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்போம். அது ஸ்பார்க்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயிலுக்கு ஆகாது. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினாலே தெரிந்துவிடும். ஒன்று, மூன்று, நாலைக் கழற்றினால் எஞ்சின் திணறியது. இரண்டைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. கம்ப்ரஷன் நாலிலும் 12 பாரை ஒட்டியே இருந்தது. அதோடு பெல்ட் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினேன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. பெல்ட் மாட்டும்போது கிராங்க் கையில் லேசாகச் சுற்ற வேண்டுமென்று பிளக்குகளைக் கழற்றுவார்கள்; செய்ய வேண்டிய வேலைதான். திரும்ப மாட்டும்போது சாக்கெட் ஸ்பேனர் சாய்ந்தால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். ஸ்பார்க் முனைக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாக பாடிக்கு இறங்கிவிடும். ஒயரின் ரப்பர் தொப்பியைப் பிளந்து பார்த்தால் உள்ளே அதே இடத்தில் ஜோடிக் கோடு. பிளக்கை மட்டும் மாற்றி அனுப்பினால், தொப்பியில் இருக்கும் கரிக்கோடு புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். இரண்டையும் மாற்றினோம்.

இதே மாதிரி கை பட்டுக் கெடும் இடங்கள் இன்னும் உண்டு. எஞ்சினை ஜாக்கியில் தாங்கி மவுண்டிங்கைக் கழற்றும்போது வேக்கம் ஹோஸ் இழுபடும். எர்த் ஒயர் போல்ட்டைத் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். வாட்டர் பம்ப்பிலிருந்து வழிந்த கூலன்ட் கிராங்க் சென்சார் சாக்கெட்டில் நிற்கும்.

நிஜமாகவே பல் தப்பி வருகிற வண்டிகளும் உண்டு. அதில் பெரும்பாலும் ஒரே கதைதான்: மாட்டும்போது மார்க் நேராக இருந்திருக்கும். மாருதி எஸ்டீமில் கேம் புல்லியின் 'இ' மார்க் 'வி' வெட்டுக்கு நேராக, கிராங்க் புள்ளி ஆயில் பம்ப்பின் அம்புக்குறிக்கு நேராக, எல்லாம் சரி. ஆனால் டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் கொஞ்சம் தொய்வாக இருந்திருக்கும். டென்ஷனரை விட்டதும் அது அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ளும். கூடவே கேமும் நகரும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி மார்க் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். (பழைய ஹோண்டா சிட்டி எதிர்த்திசையில் சுற்றும். பழக்கதோஷத்தில் மற்ற வண்டி மாதிரிச் சுற்றிவிடக் கூடாது.) எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே கை நுழையவே இடமிருக்காது, சாய்வாகப் பார்த்தால் அரைப் பல் தள்ளியிருந்தால்கூட நேராகத் தெரியும். நான் செல்போனை உள்ளே விட்டு நேருக்கு நேர் படம் எடுத்துப் பார்ப்பேன். கிராங்கின் வெளிப் புல்லியில் இருக்கும் கோட்டையும் நம்புவதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் தனியாக நகர்ந்துவிடும்.

ஸ்கேனர் போட்டால் காரணம் வந்துவிடும் என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். பி0302 எந்த சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பி0016 வந்தால் கதை வேறு. கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு நானும் முதலில் கவரைத்தான் திறப்பேன். அதுவும் இரண்டு சென்சார் சாக்கெட்டையும் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்த பிறகு.