அரசமரம் சுற்றப் போகிறவர்களுக்கு

திங்கட்கிழமையில் அமாவாசை வந்தால் அது அமாசோமவாரம். அன்று காலையில் அரசமரத்தை 108 முறை வலம் வருவார்கள். பெரிய தொல்லை, எண்ணிக்கை தப்புவது. விரல் விட்டு எண்ணினால் முப்பதைத் தாண்டும்போதே குழம்பிவிடும். 108 மஞ்சள் கிழங்கோ அச்சு வெல்லமோ எடுத்துப்போய், சுற்றுக்கு ஒன்றாக மரத்தடித் தட்டில் போட்டுவிடுங்கள். கணக்கும் ஆச்சு, காணிக்கையும் ஆச்சு. முடிந்ததும் வந்தவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

மரத்தைத் தொடுவது சனிக்கிழமை மட்டும் என்பது மரபு. மற்ற நாளில் தள்ளியே சுற்றணும். (இரவிலும் ஆக்சிஜன் தரும் என்பதெல்லாம் வாட்ஸ்அப் கதை.)

அரசும் வேம்பும் பின்னி நிற்கும் இடத்தில் பிள்ளை வரத்துக்கு நாகர் வைப்பதானால், சிலையை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தண்ணீரில் வைத்த பிறகே பிரதிஷ்டை.

தொட்டில் கட்டுகிறவர்கள் இறுக்கி முடிச்சுப் போடாதீங்க. கிளை பருக்கப் பருக்க கயிறு பட்டைக்குள் இறங்கும். அதற்கு மேல் கிளைக்குச் சத்து ஓடாது, காய்ந்துவிடும். நைலான் கயிறு மக்காது. பருத்தி நூல் போதும், அதுவும் தளர்வாக. வேர்மேல் சூடம் கொளுத்துவது அதைவிட மோசம்: பட்டை கருகினால் அந்த வழியாகப் பூச்சியும் பூஞ்சையும் ஏறும். சூடத்தையும் அகலையும் மேடை விளிம்பிலேயே வையுங்கள்.