சிகாகோவின் குற்ற வரைபடம்

2005இல் ஏட்ரியன் ஹோலோவாட்டி என்ற இதழியலாளர், சிகாகோ காவல்துறை வெளியிட்டுவந்த குற்றப் பதிவுகளைக் கூகுள் வரைபடத்தின்மீது பொருத்தி, தம் தெருவில் என்ன நடக்கிறது என்பதை எவரும் பார்க்கும்படி ஓர் இணையதளம் அமைத்தார். அதற்கான வழியைக் கூகுள் முறைப்படி திறந்துவிடுவதற்கு முன்பே அவர் இதைச் செய்தார் என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

இப்போது அந்நகர நிர்வாகமே 2001 முதலான பதிவுகளை, கடைசி ஏழு நாள்களை மட்டும் விட்டுவிட்டு, இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. நேற்றிரவு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவரிகளில் வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களுக்குப் பதிலாக இரண்டு எக்ஸ் எழுத்துகள் நிற்கின்றன. களவு நடந்தது தெருவின் எந்தப் பகுதியில் என்று தெரியும், எந்த வீட்டில் என்று தெரியாது. பாதிக்கப்பட்டவரின் வாசலை ஊரார் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற அந்தக் கரிசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால், வரைபடத்தில் ஏறுவது காவல்துறையின் பதிவேட்டில் ஏறியது மட்டுமே. வீட்டுக்குள் அடிவாங்கியும் புகார் கொடுக்காத பெண்ணுக்கு அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளிகள் குறைந்த தெருவெல்லாம் அமைதியான தெரு என்று வீடு தேடுவோர் நம்பிவிடுவார்களே என்பதுதான் என் கவலை.