பாதியில் நின்ற வேலையோடு வாருங்கள்

பொழுதுபோக்காக எதையாவது செய்துகொண்டிருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன கருவி வாங்க வேண்டும்?" என்றுதான். முப்பரிமாண அச்சுப்பொறி, லேசர் கட்டர், சிறிய லேத் என்று பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும். கருவியைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறைதான் வருவார்கள். அடுத்த வாரமும் ஒருவரை வரவழைப்பது, அவர் வீட்டில் பாதியில் நின்றுபோன ஏதோ ஒரு வேலை. அதைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மழையிலும் வருவார். சில ஆண்டுகளாக இப்படியொரு சங்கத்தை நடத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

தொடக்கத்தில் எங்கள் கூட்டங்கள் சொற்பொழிவுகளாக இருந்தன. ஒருவர் ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடைசியில் ஓரிருவர் கேள்வி கேட்பார்கள், அதுவும் தங்களுக்கும் தெரியும் என்று காட்டுவதற்காக. பேசத் தெரிந்தவர்களே மாறி மாறிப் பேசினோம். கையால் வேலை செய்பவர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். எங்களில் மிக நன்றாக மரவேலை தெரிந்தவர் ஒருமுறைகூட முன்னால் வந்து நிற்கவில்லை. கேட்டால், "நான் என்ன சார் பேசப்போகிறேன்" என்பார்.

பிறகு முறையை மாற்றினோம். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்து, என்ன செய்கிறோம், எங்கே நிற்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அப்போது யாரும் விடை சொல்லக்கூடாது. கையை மட்டும் உயர்த்தலாம். சுற்று முடிந்ததும் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, கை உயர்த்தியவரைத் தேடிப் போகலாம்.

இது நாங்கள் கண்டுபிடித்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்பின் கதையைப் படித்தபோதுதான் அந்தப் பெருமை போயிற்று. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டு கராஜில், ஆல்டேர் 8800 என்ற கணினியை முன்னிட்டுக் கூடிய கூட்டம் அது. பின்னாளில் அதை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன், கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார். முதலில் 'மேப்பிங்': யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று எழுந்து சொல்வது. அடுத்து 'ரேண்டம் ஆக்சஸ்': அவரவர் தேடும் ஆளைத் தேடிப் போவது. ஸ்டீவ் வோஸ்னியாக் தன் ஆப்பிள் 1 கணினியின் மின்சுற்று வரைபடத்தை நகலெடுத்து இலவசமாகக் கொடுத்தது அந்தக் கூட்டத்தில்தான். கடன் வாங்கிய முறையாகவே இருக்கட்டும், வேலை செய்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாலையைச் சொல்கிறேன். கல்லூரி மாணவன் ஒருவன் சிறு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஆர்டுயினோ அணைந்து மீண்டும் தொடங்குகிறது. நிரலில் தவறு என்று நினைத்துப் பல இரவுகள் அதையே திருத்தி எழுதியிருக்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கை உயர்த்திவிட்டார்கள். நிரலில் ஒன்றுமில்லை. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட் இணைப்பு என்றால், மின்னழுத்தம் சரிந்து ஆர்டுயினோ மயங்கிவிடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, இரண்டுக்கும் பொதுவாக கிரவுண்ட், மோட்டாரின் குறுக்கே ஒரு டையோடு. வேலை முடிந்தது.

அதே மாலையில், மின்னணு வேலையில் கரைகண்ட ஒருவர், தான் செய்த ஒலிபெருக்கிப் பெட்டியின் மேற்பலகை வெடித்துவிட்டது என்று கொண்டுவந்திருந்தார். மேடையேற மாட்டேன் என்ற நம் மரவேலைக்காரர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். இழையின் நீளவாக்கில் அநேகமாக அசையாது, குறுக்குவாக்கில்தான் அசையும். அகலமான பலகையை நான்கு பக்கமும் பசைபோட்டுப் பூட்டினால் அது வேறு எங்கே போகும்? வெடிக்கத்தான் செய்யும். திருகாணித் துளையை நீள்வட்டமாக விட்டு, பலகை நகர வழி வைக்க வேண்டும். பேச ஒன்றுமில்லை என்றவர் அன்று கதவடைக்கும்வரை பேசினார்.

இந்த முறையைக் கெடுப்பவர் அறியாதவர் அல்லர், அறிந்தவர்தான். புதிதாக வந்தவர் கையில், கம்பியை உருக்கி மின்னுறுப்புகளைப் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்ன் இருக்கும். "இங்கே கொடுங்கள்" என்று பிடுங்கி அரை நிமிடத்தில் வைத்துக் காட்டிவிடுவார். உதவி என்றே நினைத்துச் செய்வார். புதியவர் அடுத்த வாரம் வர மாட்டார். ஒரு பெண் வெளிப்படையாகவே சொன்னார்: "செய்து கொடுக்கத்தான் ஆள் வேண்டுமென்றால் கடைக்கே போயிருப்பேன், அண்ணா." அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி. கேட்காமல் அடுத்தவர் வேலையில் கை வைக்கக்கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். பிடுங்குவதை நிறுத்தியதும் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது வெளியே வந்தது. சாலிடர் கம்பியை அயர்னில் உருக்கிக் கொட்டக்கூடாது. முதலில் மின்பலகையின் தாமிரத் தளத்தையும் மின்னுறுப்பின் காலையும் சேர்த்துச் சூடாக்கி, சாலிடரை இணைப்பின்மேல் கொடுக்க வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயம் கலக்காத கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ 220 டிகிரி வேண்டும் என்பதால் அதே பழக்கத்தில் அயர்னை எடுத்துவிட்டால் இணைப்பு மங்கி நிற்கும். பல ஆண்டுகளாகச் செய்பவர்கள் இதையெல்லாம் சொற்களில் சொல்ல ஒரு மாதம் தடுமாறினார்கள்.

சங்கம் இருக்கிறது என்று வெளியே தெரிந்ததும் குப்பை வரத் தொடங்கியது. 'உங்களுக்குப் பயன்படுமே' என்ற அன்பான சொற்களோடு வரும்: பழைய திரைகள், மை காய்ந்த பிரிண்டர்கள், மூட்டை மூட்டையாக வயர்கள். வேண்டாம் என்று சொல்வதுதான் இந்தச் சங்கத்தை நடத்துவதில் மிகக் கடினமான வேலை. இப்போது கொண்டுவருபவரே என்ன பழுது என்று எழுதி ஒட்ட வேண்டும். எழுத முடியாவிட்டால் திரும்ப எடுத்துப் போக வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயரும் தேதியும் எழுதிய ஒரே ஒரு பெட்டி. பெட்டிக்கு வெளியே கிடப்பதும், மூன்று மாதம் தொடாததும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் மேசைக்குப் போய்விடும். இதில் வந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

இரண்டு பொருள்களை வாசலிலேயே மறுக்கிறோம். ஒன்று மைக்ரோவேவ் அடுப்பு. அதன் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரோ 2,000 வோல்ட் அளவில் கொடுப்பது. மற்றொன்று உப்பிய லித்தியம் பேட்டரி.

லேசர் கட்டர் பிற்பாடுதான் வந்தது. அதைவிட முதலில் வந்தது பயம், அது நல்லதே. பிவிசி பலகையை அதில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், எந்திரத்தின் தண்டவாளங்களையும் அரித்துவிடும். கண்ணால் பார்த்து அக்ரிலிக்கா பிவிசியா என்று சொல்ல முடியாத துண்டுகள் நிறைய வரும். அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது: செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். தீ பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது என்று பொருள், வெட்டக்கூடாது. காற்றோட்டமான இடத்தில் ஒருவர் மட்டும் இதைச் செய்வார். லேசர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், யாராக இருந்தாலும் நிறுத்திவிடுவோம். ட்ரில் எந்திரத்தில் கையுறை போடக்கூடாது என்பதை மட்டும் இன்றுவரை புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். பாதுகாப்புக்குத்தானே கையுறை என்பார்கள். சுழலும் துரப்பணம் கையுறையைப் பற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகத்துச் சங்கங்கள் எல்லாவற்றிலும் மல்டிமீட்டரின் மில்லிஆம்பியர் ஃபியூஸ் எரிந்துதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். மின்னோட்டம் அளந்தவர் சிவப்புக் கம்பியை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்து வருபவர் வோல்ட் பார்க்கப் போய் பேட்டரியைக் குறுக்கே இணைத்துவிடுவார். சுவரில் எழுதி ஒட்டினோம், பயனில்லை. இப்போது ஃபியூஸ்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர் கட்டணம் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும், கணக்கு சுவரில் தொங்க வேண்டும். பெரிய எந்திரத்தைக் கடனில் வாங்கி, கட்டணத்தில் அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் டெக்ஷாப்பை நினைவூட்டுவேன். 2006இல் அதே மென்லோ பார்க்கில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய, எங்களால் கனவு காண மட்டுமே முடிகிற பட்டறைகள் அவர்களுடையவை. 2017 நவம்பரில் திவால் என்று சொல்லிக் கதவடைத்தார்கள்.

சாவி இன்னொரு விஷயம். ஒருவரிடமே இருந்தால் அது சங்கமாக இராது, அவர் வீடாகிவிடும். அவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் விடுமுறை. மாதத்துக்கு ஒருவர் என்று சுற்றில் விட்டோம். திறந்து, குப்பையைக் கொட்டி, மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகும் ஒரு மாதம், குறை சொல்லும் உறுப்பினரைக் குறை தீர்ப்பவராக்கிவிடுகிறது. எல்லோரையும் அல்ல, பாதிப் பேரை.

அண்மையில் பழுது நீக்கும் நாள் ஒன்றையும் சேர்த்தோம். 2009இல் மார்ட்டினா போஸ்ட்மா ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபேயைப் பார்த்து எடுத்தது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணியையாவது பிடிக்க வேண்டும். முழுதாகச் சரியாகாமல் போகும் பொருள்கள் உண்டு. ஆனால் அப்படி உட்கார்ந்தவர்களில் சிலர் அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் பாதி வேலையோடு வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். விளம்பரம் செய்து இப்படி ஆட்களைப் பிடித்ததில்லை. அடுத்து தையல் எந்திரங்களையும் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைத்துவிட்டார், எந்திரத்தை வைக்க மேசைதான் காலியாக இல்லை.