தறிக்காரர் பாட்டு

நவம்பர் 9, வாரணாசி

காலையில் கபீர் சௌரா மடம், நெசவாளிக் கவி கபீரின் பேரில் இருப்பது. பேட்டையின் பேரே கபீர் சௌராதான். உள்ளே போனால் வெள்ளை உடுத்திய சாதுக்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் 'ஸாஹேப் பந்தகி' என்கிறார்கள், நானும் பாதி வெட்கத்தோடு சொல்லிப் பார்த்தேன். மரச்செருப்பு ஒன்றைக் கபீருடையது என்று காட்டி வைத்திருக்கிறார்கள். கல்லைக் கும்பிட்டால் கடவுள் கிடைக்குமென்றால் நான் மலையையே கும்பிடுவேன், அதைவிட மாவரைக்கிற திரிகைக் கல் மேல், ஊருக்குச் சோறாவது போடுகிறது என்று பாடியவர் செருப்புக்கு இத்தனை மரியாதை! நம்ம சிவவாக்கியர் 'சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ' என்று கேட்டது ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பக்கத்திலேயே நீரு டீலா. கபீரை வளர்த்த நெசவாளிகள் நீருவும் நீமாவும் அங்கேதான் இருந்தார்களாம். லஹர்தாரா குளத்தில் தாமரை இலைமேல் குழந்தை கிடைத்தது என்பது கபீர்பந்திகளின், அதாவது கபீர் வழி நடப்பவர்களின் கதை. எனக்கு அந்தத் தாமரையைவிட வீட்டில் தறி இருந்தது என்பதுதான் முக்கியம்.

நவம்பர் 10

மதன்புரா சந்துகளில் நடந்தேன். எல்லாப் பக்கமும் விசைத்தறி இரைச்சல், நின்று பேச முடியாது. ஒரே ஒரு வீட்டில் குழித்தறி. கால் குழிக்குள், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, ஒவ்வோர் இழைக்கும் பலகை வந்து 'டக்' என்று அடிக்கிறது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்து வயது வரை நான் தூங்கினது இந்தச் சத்தத்தில்தான், அதனால் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன், அவர்களும் டீ கொடுத்தார்கள்.

ராத்திரி அறைக்கு வந்து 'ஜீனி ஜீனி பீனி சதரியா' பாட்டைத் திரும்பக் கேட்டேன். மெல்லிசாக, மெல்லிசாக நெய்த போர்வை. 'தானா' என்றால் பாவு, 'பர்னி' என்றால் ஊடை. யோகிகள் சொல்லும் மூச்சு நாடிகளில் இடகலையும் பிங்கலையும் பாவும் ஊடையுமாக, சுழுமுனையே இழையாக. அது வரைக்கும் சித்தர் பாட்டு மாதிரிதான் போகிறது. அப்புறம் ஒரு வரி: 'டோக் டோக் கே பீனி', தட்டித் தட்டி நெய்தது. மொழிபெயர்ப்புகளில் இதை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இன்றைக்குத்தான் அது பலகை சத்தம் என்று காதில் விழுந்தது. உவமைக்காகத் தறியைக் கடன் வாங்கினவர் இப்படி எழுதமாட்டார்.

நவம்பர் 11

மழை. வெளியே போகவில்லை. 'மையையும் காகிதத்தையும் தொட்டதில்லை, எழுதுகோலைக் கையில் பிடித்ததில்லை' என்று கபீர் பாட்டுத் தொகுப்பான பீஜக்கில் ஒரு ஈரடி. கபீர்பந்திகளுக்கு பீஜக்தான் வேதம். சீக்கியர்கள் 1604-இல் தொகுத்த ஆதி கிரந்தத்தில் இருக்கும் கபீர் வேறு, ராஜஸ்தானில் தாதுபந்திகள் (தாது தயாள் என்ற ஞானியின் வழியினர்) ஏடுகளில் எழுதி வைத்தவர் இன்னும் வேறு. பீஜக்கில் சண்டைக்காரர், ராஜஸ்தான் ஏடுகளில் உருகுகிறார். எழுதாத மனிதரைப் பாடினவர்கள் ஆளுக்கொரு பக்கம் நெய்திருக்கிறார்கள். எது அசல் என்று சண்டை போடுகிறவர்களோடு எனக்குச் சேர்த்தியில்லை.

நவம்பர் 13, மகஹர்

கோரக்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காசியில் செத்தால் மோட்சம், மகஹரில் செத்தால் அடுத்த பிறவி கழுதை என்று ஒரு நம்பிக்கை. அதற்காகவே கபீர் சாகிற காலத்தில் எழுந்து இங்கே வந்தார். காசியில் செத்து மோட்சம் என்றால் அதில் ராமனுடைய தயவு எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். 1518 என்று சொல்கிறார்கள்.

ஒரே வளாகத்தில் இந்துக்கள் கட்டின சமாதியும் முஸ்லிம்களின் மஸாரும் (கல்லறை) கூப்பிடு தூரத்தில். உடலை எரிப்பதா புதைப்பதா என்று அடித்துக்கொண்டு துணியை விலக்கினால் பூதான் இருந்தது என்கிற கதை எல்லோருக்கும் தெரியும். பூவைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், சரி. அந்தத் துணி யாருக்குப் போனது? நெசவாளி வீட்டுப் புத்தி, எனக்கு அதுதான் தோன்றியது.

மஸாரில் ஒரு பெரியவர் பச்சைப் போர்வையின் மடிப்பை உள்ளங்கையால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் வெளியே வரும்வரை அந்த ஒரு மடிப்பைத்தான்.

நவம்பர் 14, ரயிலில்

அப்பாவுக்கு போன் போட்டு அந்தப் பாட்டைத் தமிழில் சொன்னேன். போர்வை நெய்ய பத்து மாசம் ஆச்சு என்ற வரிக்கு, "பத்து மாசமா? தறியப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிருப்பாரு" என்றார். "வயித்துல பிள்ளை இருக்கிற பத்து மாசம்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். தேவர், மனிதர், முனிவர் எல்லோரும் போர்த்தி அழுக்காக்கினார்கள், தாசன் கபீர் பத்திரமாகப் போர்த்தி வாங்கினபடியே திருப்பி வைத்தான் என்று கடைசி வரியையும் சொன்னேன்.

"மெல்லிசுன்னா, எத்தனாம் நம்பர் நூலு?" என்று கேட்டார்.