குறுக்கே ஒரு பட்டை

வேளச்சேரியிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு ஆறு வருடமாக சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். மனு, கூட்டம் என்று எதிலும் தலையிட்டதில்லை, அந்த நவம்பர் மாலை வரை.

லேசான தூறல். எனக்கு முன்னால் போன பெரியவர் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினார். சட்டென்று ஹேண்டில்பாரைத் தாண்டிக் குப்புற விழுந்தார். மழைநீர் இறங்கும் இரும்பு கிரில்லுக்குள் முன்சக்கரம் செருகி நின்றது. நைட் ஷிப்டுக்குப் போகும் வாட்ச்மேன். முட்டியெல்லாம் ரத்தம், அவரோ சக்கரத்தையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "கோட்டம் எடுத்தா சரியாயிடுமா தம்பி?" கேரியரிலிருந்து விழுந்த தூக்கு திறந்து, ரசஞ்சோறு மழைத்தண்ணீரோடு கிரில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஸ்கேலோடு போனேன். கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தன. நடுவில் 45 மில்லிமீட்டர் இடைவெளி. அவருடையது போன்ற பழைய சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். தாராளமாக இறங்கும். அதே கிரில்லைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால், அல்லது மேலே நாலு பட்டை வெல்டிங் வைத்தால் போதும்.

நண்பர்கள் மூன்று பேரோடு என் வழி முழுக்க எண்ணினேன். 19 கிரில் இப்படி. தனி சைக்கிள் பாதையும் கேட்க வேண்டியதுதான். அதை எப்படி அமைப்பது என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் ஐ.ஆர்.சி. 11 நெறிமுறை இருக்கிறது, அதன் திருத்திய பதிப்பே 2015இல் வந்துவிட்டது. ஆனால் பாதை வரும்வரை யாரும் விழக் கூடாதே!

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் வாட்ச்மேன்கள், லேத் பட்டறைக்காரர்கள், 11ஆம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் டபுள்ஸ் போகும் பிள்ளைகள். வார்டு மக்கள் மாநகராட்சியிடம் குறைகளைச் சொல்லும் பகுதி சபா கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்களுக்கு ஷிப்ட் இருக்கும், ஸ்கூல் இருக்கும். அதனால் மனுவை பஞ்சர் கடையில் வைத்தோம். காற்றடிக்க நின்றவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது.

பகுதி சபா கூட்டத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோக்களைக் காட்டிப் பேசினேன். கை நடுங்கியது. நாலு மாதத்தில் 12 கிரில்லுக்குப் பட்டை வைத்துவிட்டார்கள்.

7 பாக்கி. அதில் இரண்டு பள்ளி வாசலில். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்த இரண்டையாவது முடிக்க வேண்டும். இந்தப் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள், உங்கள் தெரு கிரில்லையும் அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.